பாடி டூ

செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் பக்தவத்சலம் படங்களை அழிக்க உட்காருவார். சனிக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். மானிட்டர் கண்ணாடியைத் துண்டால் ஒரு துடை. மவுஸைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் உருண்டையைக் கழற்றிச் சட்டை முனையில் உருட்டித் துடைத்து மறுபடி மாட்டுவார். பிறகு திரையில் இருக்கிற முகத்தைப் பார்த்து, நெரிசல் பஸ்ஸில் தள்ளி நிற்கச் சொல்கிறவர் மாதிரி, "கோச்சிக்காதீங்க, எடம் இல்ல" என்பார். அதற்கப்புறம்தான் பட்டனைத் தட்டுவார்.

எடம் இல்லை என்பது நிஜம். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், பஞ்சவர்ணத்தின் தையல்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது கஸ்தூரி ஸ்டுடியோ. அதில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டருக்கு மொத்தமே ரெண்டு ஜிபிதான். அதிலும் பாதியை மெஷின் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக, மிச்சத்தில்தான் ஆவடி ஜனம் குடியிருக்க வேண்டும். தொண்ணூற்றேழில் அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து டேபிள் ஃபேன் அதைப் பார்த்தபடியே நிற்கிறது. வெயிலில் மாடியேறி வருகிற மனிதர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொள்ளலாம். மனிதர்களுக்குச் சூடானால் வியர்க்கும், பெட்டிக்குச் சூடானால் வேலை நின்றுவிடும் என்பது பக்தவத்சலத்தின் கட்சி.

யார் எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டவர் மாடிப்படி இறங்குவதற்குள் அவர் படம் போய்விடும். கல்யாண ஜோடிக்கு ஆல்பம் கைக்குப் போகிற வரைக்கும். செத்தவர்களுக்கு மட்டும் சலுகை. பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் யாரும் அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. "அதுவரிக்கும் ஆத்மா இங்கதான் சுத்திகினு இருக்கும். நாம பாட்டுக்குப் படத்த அழிச்சிட்டா எங்க போயி நிக்கும்?"

அழித்த படம் போய் விழுவதற்குத் திரையின் ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி பொம்மை இருந்தது. அவருக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் செத்தவர்கள்தாம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்த ராஜசேகரனைக் கூப்பிட்டு, "பெரியவங்க மூஞ்சிய இட்டாந்து குப்பத்தொட்டியில போட்றதா? நம்மளால ஆவாது நைனா, வேற இன்னாவாச்சும் பண்ணு" என்றார். ராஜசேகரன் எங்கெங்கேயோ நுழைந்து எதையெதையோ மாற்றிக் குப்பைத்தொட்டிக்கு இங்கிலீஷ் எழுத்தில் 'காசி' என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அவன் விளையாட்டுக்குத்தான் செய்தான். பக்தவத்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சில் எந்தப் படமும் அழிவதில்லை. "அந்த மேஸ்திரியா? அவர போன வாரமே காசிக்கு அனுப்சிட்டனே" என்பார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மெஷின் இங்கிலீஷில் கேட்கிற கேள்வியில் காசி என்ற ஒரு சொல்தான் அவருக்குத் தெரியும். கேள்வி வந்தால் இடது பக்கத்துப் பட்டனைத் தட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் டிபென்ஸ் குவார்ட்டர்ஸ்காரர்கள். வேப்பம்பட்டு, பட்டாபிராம் பக்கமிருந்தும் ரயிலேறி வருவார்கள். சாவு விழுந்த வீட்டில் திடீரென்றுதான் தெரியும், அம்மாவுக்கு ஒரு படமும் இல்லை என்று. அலமாரியைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரு காதுகுத்து போட்டோ அகப்படும். அதில் ஓரமாகக் கொண்டைக்கடலை அளவில் அம்மாவின் முகம். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு சம்பந்தியின் தோள், இல்லையென்றால் மொட்டை அடித்த குழந்தையின் தலை. அந்தக் கொண்டைக்கடலையைத்தான் பக்தவத்சலம் ஸ்கேன் செய்து, ஊதிப் பெரிதாக்கி, விரிசலைப் பூசி, நெற்றிக்குப் பொட்டு வைத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். முகம் தேறிவிடும். கழுத்துக்குக் கீழேதான் ஒன்றும் இருக்காது. அதற்கொரு உடம்பு வேண்டும்.

ஆண்களுக்கு உடம்பு அவருடையதுதான். தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பேனாவைச் செருகி, டைமர் வைத்துத் தன்னைத் தானே படம் எடுத்துத் தலையை வெட்டிவிட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் 'பாடி ஒன்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். இதில் அவருக்கு வெட்கமே கிடையாது. "ஆவடியில செத்த ஆம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நாந்தாம்பா ஒடம்பு" என்று டீக்கடையில் சொல்லுவார். எலும்பும் தோலுமாக இருந்து போன ஒரு ஃபோர்மேன் அவருடைய தொப்பையோடு மாலைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "செத்தப்புறம் நல்லா தேறிட்டாருப்பா" என்று காரிய வீட்டிலேயே யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள்கூட சிரித்துவிட்டார்கள். தெருவில் அவருக்குப் பெயர் கோட்டு. "கோட்டண்ணே, இன்னிக்கு யாரு தலைக்குக் கீழ கீறே?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

பெண்களுக்கு 'பாடி டூ'. அரக்குப் பட்டுப்புடவை, மாங்காய் பார்டர், மடியில் கைமேல் கை, இடது கையில் முறுக்கு வளையல். அது யார் என்று எவராவது கேட்டால், "காலண்டர்லேர்ந்து எட்த்தது" என்பார். சொல்லிவிட்டு உடனே ஸ்கேனரின் மூடியைத் துடைக்க ஆரம்பிப்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு, முதலில் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. தெரிந்தவர் வீட்டில் சாவு என்றால் பிணம் எடுக்கிற அன்றைக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவார். பதினாறாம் நாள் என்றால் மட்டும் தனியாகப் போவார். கஸ்தூரி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாலும், "நீ வாணாம். உனுக்கு ஊதுபத்திப் பொகை ஒத்துக்காது" என்பார்.

"ஏன்யா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஊடு பூரா சாம்பிராணி போட்றது யாரு, உங்காயாவா?" என்பார் கஸ்தூரி.

"அது வேற பொகை" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

காலண்டரும் இல்லை, பொகையும் இல்லை. பாடி டூ கஸ்தூரிதான்.

பெட்டி வந்த புதிதில் நடந்தது. கடைக்குத் தன் பெயரை வைத்திருக்கிறாரே தவிர, தன் படம் ஒன்றுகூடக் கடையில் இல்லையே என்று கஸ்தூரி ஒருநாள் கேட்டார். பக்தவத்சலம் உடனே, "நாளிக்கு வா, புது மெஷின்ல மொதப் படம் உன்துதான். மாடிப்படி ஷோகேஸ்ல மாட்டிடலாம்" என்றார். மறுநாள் கஸ்தூரி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மார்க்கெட் வழியாக நடந்து வந்தார். கீரைக்காரி முதற்கொண்டு இன்னா விசேஷம் என்று கேட்டார்கள். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் மின்னியதில் சிரித்துவிட்டார். "பல்லு தெரியப்போவுதுய்யா, இன்னொண்ணு எடு" என்றார். "அதெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார் பக்தவத்சலம். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு அம்மா செத்துப்போனார். மகன் வந்து பட்டுப்புடவை கேட்டு அழுதான். நேரம் இல்லை, எடமும் இல்லை. எதிரில் இருந்தது ஒரு பட்டுப்புடவை. பக்தவத்சலம் கழுத்து வரைக்கும் வெட்டி எடுத்துக்கொண்டு, மேலே இருந்த சிரிப்பை எடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டார். அப்போது காசி வந்திருக்கவில்லை. அது இன்னும் குப்பைத்தொட்டியாகத்தான் இருந்தது.

கஸ்தூரி ஷோகேஸைப் பார்த்துக்கொண்டே மாடியேறி வந்த நாட்கள் உண்டு. "பிரிண்டு சரியா வர்ல" என்றார் பக்தவத்சலம் ஒருநாள். "லேப்ல கலரு மாத்திட்டான்" என்றார் இன்னொரு நாள். அப்புறம் கஸ்தூரி கேட்பதை விட்டுவிட்டார். பாடி டூ வீடு வீடாகப் போய் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

இதில் ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் பக்தவத்சலம் ஃபேனை அணைத்துவிடுவார். செத்த அம்மாவுக்குப் புருஷன் இருந்தால் பிரச்சினை இல்லை. முன்னமே புருஷனை இழந்தவர் என்றால் கழுத்தில் தாலி இருக்கக் கூடாது. அதற்கொரு பிரஷ் இருக்கிறது. தோல் நிறத்தை ஒரு எடத்தில் தொட்டு, மஞ்சள் கயிற்றின்மேல் இழுத்துக்கொண்டே போனால் கயிறு மறைந்துவிடும். பாதிக் கழுத்து வரும்போது அப்படியே சேமித்துவிட்டு எழுந்துவிடுவார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் அழிப்பார்.

போன மாசம் உலகநாதன் வந்தார். கோவில்பட்டிப் பக்கம். குவார்ட்டர்ஸில் ஃபிட்டர். அம்மா தாயம்மாள் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த எடத்தில் போய்விட்டார். கொண்டுவந்த போட்டோவில் தாயம்மாள் ஒரு பந்திக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே முழுக்கச் சாம்பார் வாளி.

"எங்கம்மா பட்டு உடுத்துனதே கெடையாது அண்ணாச்சி. அப்பா சீக்கிரம் போயிட்டாரு. கல்யாணம் காச்சின்னாலும் கடைசியிலதான் நிப்பா. நீங்க நல்ல பட்டா ஒண்ணு உடுத்தி உட்காத்தி வச்சிருங்க. திங்கக்கெழம காரியம்."

"கட்டிவுட்டுடலாம் நைனா, குந்து" என்றார் பக்தவத்சலம்.

அது ஒரு சனிக்கிழமை. முகத்தைப் பெரிதாக்கினார். பாடி டூவைக் கூப்பிட்டார். மெஷின் ஒரு சின்னக் கட்டம் போட்டு எடம் இல்லை என்றது. காசியைக் காலி செய்தார். எடம் இல்லை. கல்யாண ஜோடி ஒன்றை ஆல்பம் போகுமுன்பே அழித்தார். அப்போதும் எடம் இல்லை. பெட்டிக்குள் பாடி ஒன்னையும் டூவையும் தவிர ஒருவரும் கிடையாது. வீடு காலியாக இருக்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போய் ராஜசேகரனுக்கு போன் போட்டார். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து மொபெட்டில் வந்து சேர்ந்தான். உலகநாதன் மர பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ராஜசேகரன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான். "அண்ணாத்தே, படத்தயெல்லாம் நீ அழிச்ச, சரி. பிரிவியூவ யாரு அழிப்பா?"

"அது இன்னாது?"

"நீ ஒரு படத்தத் தொறக்கறதுக்கு மின்னாடி தம்மாத்தூண்டா ஒண்ணு காட்டுதுல்ல, இதானா இதானான்னு? அத்தக் காட்றதுக்கு சாஃப்ட்வேரு ஒரு குட்டிப் படம் எட்த்து தனியா வெச்சிக்கும். நீ ஒவ்வொரு வாட்டி சேவ் பண்ணும்போதும் ஒண்ணு. பெரிய படம் காசிக்குப் பூட்ச்சி. குட்டி பூவல. நீ மெஷின் வாங்கின நாள்லேர்ந்து ஒண்ணுகூட பூவல. பாதி டிஸ்க்குல அதுங்கதான் குந்திகினு கீதுங்க."

பக்தவத்சலத்துக்கு முதலில் காரணம் தெரிந்த நிம்மதி வந்தது. அடுத்த மூச்சில் பெஞ்சில் இருந்த உலகநாதனைத் திரும்பிப் பார்த்தார். "சரி நைனா. பாக்காமயே அழிச்சிட முடியுமா?" என்றார்.

"பாக்காம எப்டி? எங்க ஒளிச்சி வெச்சிகீதுன்னு பாக்க வாணாமா?" அதற்குள் ராஜசேகரன் தட்டிவிட்டான்.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசை கட்டி நிரம்பின, பழையது மேலே, புதியது கீழே. ராஜசேகரன் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒரே அரக்குப் பட்டு, ஒரே மாங்காய் பார்டர், ஒரே முறுக்கு வளையல். தலைகள் மட்டும் வேறு வேறு.

"இன்னா அண்ணாத்தே இது, செத்தவங்களுக்கெல்லாம் யூனிபாரமா?" ராஜசேகரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உலகநாதன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இது எங்க பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெரியம்மால்லா? அவங்க வீட்டுல மாட்டியிருக்கே இந்தப் படம்." ராஜசேகரன் மறுபடி மேலே கொண்டுபோனான். முதல் கட்டத்தில் உலகநாதனின் விரல் நின்றது. "இது யாரு அண்ணாச்சி? பல்லுத் தெரிய நல்லா சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. இவங்களும் தவறிட்டாங்களா?"

"இல்ல. சோறு எட்த்தாந்து கீறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தினமும் அந்த நேரத்துக்குக் கேரியரோடு மாடியேறுகிறவர்தான். யாரும் செருப்புச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. கஸ்தூரி கேரியரைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். ராஜசேகரன் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான். கஸ்தூரி தன் இடது கை வளையலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாக, ரேஷன் கடையில் தன் முறை வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தார். ஒரு எடத்தில் விரலை வைத்தார். மானிட்டர் கண்ணாடி மின்சாரத்தில் சடசடவென்றது.

"இத்துல தாலி எங்க?"

பக்தவத்சலம் போய் ஃபேனை அணைத்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். கழுத்து என்துதான. தாலி எங்க?"

"அது... அவங்களுக்கு ஊட்டுக்காரரு இல்ல" என்றார் பக்தவத்சலம்.

"அவங்களுக்கு இல்ல, சரி. எனுக்கு?"

பக்தவத்சலம் கையில் இருந்த துண்டால் ஸ்கேனர் மூடியைத் துடைக்கப் போனார். மூடி திறந்திருந்தது. வெறும் கண்ணாடியைத் துடைத்தார்.

கஸ்தூரி கத்தவில்லை. கத்தியிருந்தால் பக்தவத்சலத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார், கீழேயிருந்து பஞ்சவர்ணம் வந்து விலக்கியிருப்பார், எல்லாம் ஒரு சண்டையாகப் போயிருக்கும். கஸ்தூரி முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார், அங்கே இருந்த மூன்று ஆண்களும் தன் கழுத்தைப் பார்த்துவிட்டார்கள் என்கிற மாதிரி. பார்க்கத்தான் செய்திருந்தார்கள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"இதுக்கோசரந்தான் என்னிய காரியத்துக்கு இட்டுகினு போவல" என்றார். கேள்வியாக இல்லை. "மார்க்கெட்டு வழியா பூ வெச்சிகினு வந்தேன்யா அன்னிக்கு." வாசலில் நின்று திரும்பினார். "எல்லாத்தியும் அழிச்சிடு. மொதல்ல கீறதையும் சேத்து. சாப்டுட்டுக் கேரியரக் கழுவி வெய்யி."

படியிறங்கும் சத்தம் அடங்கியது. உலகநாதன்தான் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, எங்கம்மாவுக்கு மொகம் மட்டும் போட்டாக்கூடப் போதும். பட்டெல்லாம் வேண்டாம்."

"திங்கக்கெழம உங்கம்மா பட்டு கட்டிகினுதான் வருவாங்க. நீ போ நைனா" என்றார் பக்தவத்சலம். எதை நம்பிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ராஜசேகரன் எதை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, கூலிகூடக் கேட்காமல் மொபெட்டை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

பக்தவத்சலம் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கோச்சிக்காதீங்க என்ற சொல் வாயில் வரவில்லை. முதலில் பாடி டூவை அழித்தார். பிறகு குட்டிப் படங்களை வரிசை வரிசையாக அனுப்பினார். அம்மாக்கள் போனார்கள், பெரியம்மாக்கள் போனார்கள், தாலியோடு போனார்கள், தாலி இல்லாமல் போனார்கள். தாலி பாதி அழிந்த நிலையில் சில கட்டங்கள் இருந்தன, அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சேமித்து வைத்தவை. அவற்றை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழித்தார். பெட்டியில் எடம் கூடிக்கொண்டே போனது. அத்தனை எடத்தை அவர் அந்தப் பெட்டியில் பார்த்ததே இல்லை.

கடைசியில் முதல் கட்டம் மட்டும் மிஞ்சியது. பூ, பட்டு, பல்லு. பட்டனைத் தட்டினார். மெஷின் வழக்கமான கேள்வியைக் கேட்டது. காசி என்ற சொல் நடுவில் இருந்தது. உயிரோடு இருக்கிறவளை அனுப்பவா என்று அது கேட்கிற மாதிரி இருந்தது. தலையை வெட்டிப் போட்ட அன்றைக்கும் இதே மெஷின், காசி என்ற சொல் மட்டும் இல்லாமல், இதே கேள்வியைக் கேட்டிருக்கும். டீயை உறிஞ்சிக்கொண்டே இடது பக்கத்தைத் தட்டியிருப்பார். இன்றைக்கு விரல் வலது பக்கம் போனது. அந்தப் பட்டனை அவர் அதுவரை தட்டியதே கிடையாது. தட்டினால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே தட்டினார். கேள்வி போய்விட்டது. படம் இருந்தது.

வீட்டில் கஸ்தூரி தட்டில் சோறு போட்டு, தண்ணீர் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "அழிச்சிட்டியா?" என்றார்.

"ஒண்ணு பாக்கி."

கஸ்தூரி திரும்பவில்லை.

"கடுகு மாதிரிதான் கீது. எடம் ஒண்ணும் அடைக்கல" என்றார் பக்தவத்சலம். சொன்ன பிறகு, எடத்தைப் பற்றியா பேசினோம் என்று அவருக்கே நாக்கு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சவர்ணத்தின் தையல்கடையில் போய் நின்றார். "ஒரு பட்டுப்பொடவ ஓணும்மா, சாயங்காலம் குட்த்துட்றேன். ஒரு ஜாக்கெட்டும் ஓணும். பெருசா."

"யாருக்குண்ணா?"

"ஒரு அம்மாவுக்கு."

"அளவு?"

பக்தவத்சலம் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் அளவு" என்றார்.

பஞ்சவர்ணம் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்த கஸ்தூரியின் முகத்தை அவரும்தான் பார்த்திருந்தார். "கையத் தூக்குண்ணா" என்று மட்டும் சொல்லி, மார்பைச் சுற்றி அளந்து, யாரோ வாங்காமல் விட்டுப்போன ஜாக்கெட் ஒன்றைப் பிரித்து அகலப்படுத்தி, ஓரம் அடிக்க வந்திருந்த பட்டுப்புடவை ஒன்றோடு சேர்த்துத் தந்தார். பக்தவத்சலம் படியேறி மறைந்த பிறகுதான் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

மாடியில் பக்தவத்சலம் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் சோப்பு தடவிச் சவரம் செய்துகொண்டார். மடியில் வைக்கிற கையில் மயிர் தெரிந்தால் தாயம்மாளுக்கு ஆகாது. ஜாக்கெட்டுக்குள் நுழைந்தார். பேன்டின் மேலேயே புடவையைச் சுற்றினார். கஸ்தூரி கொசுவம் வைப்பதை இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான். எத்தனை விரல், எந்தப் பக்கம் என்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கஸ்டமர்கள் தலைசீவுகிற கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒருவழியாகச் சொருகி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டார். காமிராவை ஸ்டாண்டில் மாட்டி டைமரைத் திருகிவிட்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கைமேல் கை வைத்தார். கிளிக் என்கிறபோது முந்தானை வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி எழுந்து திருகினார், மறுபடி விழுந்தது. ரோல் தீர்ந்துகொண்டிருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கேட்டது. எழுந்து ஓடப் பார்த்தார். கொசுவத்தை மிதித்துக்கொண்டு ஸ்டூலிலேயே விழுந்தார்.

கஸ்தூரி கேரியரோடு வாசலில் நின்றார். மீசை, ஜாக்கெட், சவரம் செய்த கை, பட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்த பேன்ட், எல்லாவற்றையும் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"தாயம்மாளு" என்றார் பக்தவத்சலம். தலை நிமிரவில்லை. "நாளிக்குக் காரியம். அந்தப் பையன்கிட்ட சொல்ட்டேன். பட்டு கட்டிகினு வருவாங்கன்னு." சவரம் செய்த கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "அந்தம்மாவும் புருஷன் இல்லாதவங்க. என் கழுத்துல அழிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான்."

கஸ்தூரி கேரியரைப் பெஞ்சில் வைத்தார். கீழே போய்விடுவார் என்று பக்தவத்சலம் காத்திருந்தார். படியில் சத்தமில்லை. நிமிர்ந்தபோது கஸ்தூரி எதிரில் நின்றிருந்தார்.

"முந்தாணிய சோத்தாங்கைப் பக்கம் போட்டுகினு கீற. கண்ணாடியப் பாத்துக் கட்டினா இப்டித்தான்" என்றார். "எந்திரி."

அவர் எழுந்து நின்றார். கஸ்தூரி முந்தானையை உருவினார். கொசுவத்தைப் பிரித்து, விரல்விரலாக மடித்துச் சொருகினார். முந்தானையை நாலு மடிப்பாக நீவி இடது தோளில் கொண்டுபோய்ப் போட்டார். அது வழுக்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்துக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே இழுத்தார். அதில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டார். மடிப்பைச் சரிபார்த்து, ஜாக்கெட்டுக்கு அடியில், பக்தவத்சலத்தின் தோளுக்கும் துணிக்கும் நடுவில், முனை சதையில் ஏறாதபடி தன் விரலைக் கொடுத்து ஊக்கைக் குத்தினார்.